நடுவில் ஒரு பை, பின்னால் கொஞ்சம் காற்று

எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஒரு பை இருக்கிறது.

ஆள் என்றால் சண்டை போடலாம். பையிடம் என்ன பேசுவது? நீல நிறப் பை. உள்ளே சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மாற்றுச் செருப்பு, ஒரு குடை. காலையில் மோட்டார் சைக்கிளில் முதலில் நான் ஏறுவேன். எனக்குப் பின்னால் பை ஏறும். பைக்குப் பின்னால் அவள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். என் தோளை இல்லை, கம்பியை. அந்தக் கம்பி துருப்பிடித்தது. எனக்கு இன்னும் துருப்பிடிக்கவில்லை. இருந்தும் அதிர்ஷ்டம் கம்பிக்குத்தான்.

இது ஒரு குறையா என்று கேட்பீர்கள். நிலைமையைச் சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. நடுவில் வீட்டுக்கு வருவாள். அப்போது நான் அலுவலகத்தில் இருப்பேன். நான் வீடு திரும்பும்போது அவள் மாலை வேளைக்கு பஸ் ஏறியிருப்பாள். இரவில் திரும்பி வருவது என் மனைவி இல்லை, அவளுடைய சீருடை மட்டும்தான். தட்டில் கை வைத்தபடியே கண் சொக்கிவிடும். ஒருநாள், "உப்பு வேணுமா?" என்று கேட்டேன். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

வீடு இரண்டே அறை. முன்னறையில் அப்பா, அம்மா, டிவி. மூன்றும் ஒரே நேரத்தில் பேசும். பின்னறை எங்களுடையது. நடுச்சுவர், அப்பாவின் இருமலை வடிகட்டாமல் அப்படியே அனுப்பிவைக்கும் தரத்தில் கட்டப்பட்டது. ஆகவே நானும் அவளும் தனியாக, இருவரும் விழித்திருக்கும் நிலையில் ஒன்றாக இருப்பது, வீட்டிலிருந்து கிளினிக் வரை போகிற அந்த வழியில் மட்டும்தான்.

அங்கேதான் பை.

கேட்டுப் பார்த்தேன்.

"பைய முதுகுல மாட்டிக்கயேன்."

"டப்பா சாயும்."

"கைல வெச்சுக்கயேன்."

"அப்ப கம்பிய யாரு பிடிக்கறது?"

கம்பிக்குப் பதிலாக எதைப் பிடிக்கலாம் என்று என்னிடம் ஒரு யோசனை தயாராக இருந்தது. தொண்டை வரை வந்தது. ஹெல்மெட்டுக்குள் மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது. கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே கிளினிக் வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். புள்ளியியல் படித்தேன். அதனால் வீட்டில் எது கெட்டுப்போனாலும் என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். மின்விசிறி கிறீச்சிட்டாலும் நான், குழாய் ஒழுகினாலும் நான். "படிச்சவன்தான, பாரு" என்பார் அப்பா. தெரியாது என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு விளக்கு அணையும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவேன். பையைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு புத்தகம் இருந்தது. பழைய வண்டியை விற்றவர் அதையும் சேர்த்தே கொடுத்திருந்தார். அதைப் பிரித்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. என் வண்டியின் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஷாக் அப்சார்பரில் வெறும் ஸ்பிரிங் மட்டும் இல்லை, காற்றும் இருக்கிறது. டயரில் இருப்பது போலவே சின்னதாக ஒரு வால்வு, மேலே கறுப்பு மூடி. காற்றைக் கூட்டினால் வண்டியின் பின்பக்கம் உயரும், விறைக்கும். குறைத்தால் தாழும், மெத்தென்று ஆகும்.

'பின்பக்கம் உயரும்' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

பின்பக்கம் உயர்ந்தால் சீட் முன்னால் சரியும். சீட் சரிந்தால் அதன்மேல் இருக்கும் பாரம் முன்னால் நகரும். பாரத்துக்கு முன்னால் பை. பைக்கு முன்னால் நான். ஒரு பையால் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்க முடியும்? பூமியின் ஈர்ப்புவிசையே என் பக்கம் இருக்கிறது!

அந்த நிமிடமே தீர்மானித்தேன். பையை வெளியேற்றுவது. பேசி இல்லை, காற்றடித்து.

பெட்ரோல் பங்கில் அடிக்கக்கூடாது என்று புத்தகம் எச்சரித்தது. ஷாக்கில் காற்று இருக்கிற இடம் ஒரு கைப்பிடி அளவுதான். பங்கு மெஷின் ஒரு மூச்சு விட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் பிய்ந்துவிடும். மீட்டர் வைத்த சின்னக் கைப்பம்பு வேண்டும். அது மாடி வீட்டு சைக்கிள்காரரிடம் இருந்தது.

சைக்கிள்காரர் என்றால் சைக்கிள் ஓட்டுபவர் என்று நினைக்காதீர்கள். அவருக்கு ரத்த அழுத்தம். சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். மலையேறுகிற சைக்கிளாக ஒன்றை வாங்கினார், முன்பக்கம் ஷாக் எல்லாம் வைத்தது. மலை ஏறுவது இருக்கட்டும், அது மாடியே இறங்கவில்லை. பால்கனியில் நிற்கிறது. துண்டு காய்கிறது.

"பம்பா? எதுக்கு தம்பி?"

"வண்டி பின்னாடி ஷாக்குல காத்து அடிக்கணும் சார்."

"கொறஞ்சிருக்கா?"

"இல்ல சார். கூட்டணும்."

"சரியாத்தான இருக்கு, எதுக்குக் கூட்டணும்?"

பொய் சொல்லிப் பழகாதவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் நாக்கு உதவாது. "இல்ல சார்... பின்னாடி கொஞ்சம் நெருக்கமா... ரோடு நெருக்கமா இருக்கு சார்."

"ரோடு நெருக்கமா இருந்தா வண்டி ஏன் தம்பி ஒசரணும்?"

நான் துண்டு காய்கிற சைக்கிளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மெல்ல ஒரு சிரிப்பு அவர் மீசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது.

"கொண்டுபோங்க. நானும் கல்யாணம் ஆனவன்தான்."

மறுநாள் விடிந்ததும் வாசலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடா பண்றே?"

"ஷாக்குக்குக் காத்து அடிக்கறேன்ப்பா."

"ஷாக்கா? மொதல்ல செருப்பப் போட்டுக்கடா!"

பம்பை மாட்டியதும் மீட்டர் முள் எழுந்தது. கழற்றியதும் 'புஸ்' என்று கொஞ்சம் போயிற்று. எவ்வளவு போயிற்று என்று பார்க்க மறுபடி மாட்டினேன். உள்ளே இருக்கிற காற்றில் கொஞ்சத்தை மீட்டரே குடித்துவிட்டது. கழற்றினேன். புஸ். அளக்க அளக்கக் குறைந்தது. அளந்தாலே குறைகிற பொருளைப் பற்றி எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால், கல்யாணமான புதிதில் அவளிடம் தினமும் "என்னப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டிருக்க மாட்டேன். முதலில் "ரொம்ப" என்றாள். பிறகு "ம்ம்" என்றாள். கடைசியாகக் கேட்டபோது "தட்ட எடுங்க" என்றாள்.

ஒருவழியாக இரண்டு பக்கமும் சமமாக ஏற்றி முடித்தேன். வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது, குதிக்கப்போகிற வெட்டுக்கிளி மாதிரி.

அவள் ஏறினாள். கிளம்பினோம். முதல் பள்ளத்தில் பை என் முதுகில் முட்டியது. இரண்டாவது பள்ளத்தில் பை நசுங்கியது. மூன்றாவதில் அவளுடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டங்' என்று மோதியது. எனக்கு அது கோயில் மணி மாதிரி கேட்டது. விறைப்பான வண்டி, மேடு பள்ளம் எதற்கும் அசரவில்லை. பறந்தேன். அடுத்த திருப்பத்தில் என் முதுகில் இதமான சூட்டோடு ஏதோ இறங்கியது. பாசம் என்று நினைத்தேன்.

பருப்பு. டப்பா திறந்துகொண்டிருந்தது.

கிளினிக் வாசலில் அவள் இறங்கி, என் சட்டையின் பின்புறத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியின் பின்புறத்தைப் பார்த்தாள்.

"வண்டி என்ன இன்னிக்கு இந்தத் துள்ளு துள்ளுது?"

"பின்னாடி ஆள் உக்காந்தா காத்து கூட்டணும். புத்தகத்துல போட்டிருக்கு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பின்னாடி ஆள்தான உக்காந்திருக்கேன்? மூட்டையா?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப சீக்கிரம் வந்துட்டோம்" என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பருப்பு முதுகோடு அலுவலகத்தில் அன்று முழுக்கச் சுவரை ஒட்டியே நடந்தேன். மனம் மட்டும் நடுக்கூடத்தில் ஆடியது.

மறுநாள் அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அப்படியே தணிந்தது. பெருமூச்சு விட்ட மாதிரி. பை நிம்மதியாக நடுவில் உட்கார்ந்திருந்தது. கம்பியும் கையும் பழையபடி சேர்ந்துவிட்டன.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் காற்றடித்தேன். கிளம்பும்போது தணிந்திருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி தணிந்தது. ஷாக் ஒழுகுகிறதோ என்று வால்வில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. பிறகு என்மேலேயே சந்தேகம் வந்தது. நான்தான் அளந்து அளந்து தீர்க்கிறேனோ? சரி, இனி அளப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். அளக்காமலும் தணிந்தது. பின்னால் இருக்கிற ஆளைத் தொட முடியாத ஏக்கம் ஒரு பக்கம். அடித்த காற்று எங்கே போகிறது என்று தெரியாத அவமானம் இன்னொரு பக்கம். "படிச்சவன்தான" என்று அப்பா வேறு தினமும் வாசலில் செருப்போடு நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர் வழக்கம்போல பிரஷர் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் பட்டையைச் சுற்றி என் மனைவி காற்றடித்துக்கொண்டிருந்தாள். நான் அவரிடம் குறையைச் சொன்னேன்.

"அடிக்கற காத்து நிக்கவே மாட்டேங்குது சார்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பேசாதீங்க. பேசினா ஏறும்" என்றாள் அவரிடம். திருகைத் திறந்துவிட்டாள். பட்டை 'ஸ்ஸ்' என்று தளர்ந்தது.

"எறங்கறது நல்லதுதான தம்பி" என்றார் அவர். "எனக்கு எறங்கினா சிஸ்டருக்கு சந்தோஷம்." பட்டையோடு சேர்ந்து குலுங்கினார். அவர் ஏன் குலுங்கினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புள்ளியியலில் அதற்குப் பாடம் இல்லை.

அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து எழுத்தழிக்கும் வெள்ளை மையைக் கொண்டுவந்தேன். காற்றடித்து, மூடியைத் திருகி, மூடிக்கும் வால்வுக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், கோட்டின் ஒரு பாதி கிழக்கே, மறுபாதி மேற்கே. மூடி தானாகத் திரும்பாது. ஒரு கை இருக்கிறது!

யாருடைய கை? அப்பாவா? அவர் ஷாக் அடிக்கும் என்று பக்கத்திலேயே வருவதில்லை. பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை, வழக்கம்போல காற்றடித்துவிட்டுக் குளியலறைக்குள் போனேன். வாளியில் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டேன். இடுப்பில் துண்டோடு பின்கதவு வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் பதுங்கினேன். எதிர்வீட்டு நாய் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

சீருடையோடு என் மனைவி வந்தாள். பையை சீட்டில் வைத்தாள். சுற்றும் முற்றும் பார்க்கக்கூட இல்லை. பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூடியைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொண்டையிலிருந்து ஊசியை உருவி வால்வில் அழுத்தினாள். ஸ்ஸ்ஸ்... தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள், பட்டை கட்டிய கையைக் கேட்கிற மாதிரியே. போதும் என்று ஊசியை எடுத்தாள். பிறகு அந்தப் பக்கம் போய் அதே அளவு. சமமாக.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"குழாய மூடிட்டு வந்தீங்களா, இல்லையா?"

துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொட்டியின் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"நீயா?"

"நாந்தான். தண்ணி வீணாப் போகுது பாருங்க."

"எப்பலேர்ந்து?"

"நீங்க பம்பு வாங்கிட்டுப் போன அன்னிக்கே சைக்கிள்காரர் சொல்லிட்டாரு. 'சிஸ்டர், தம்பி பின்பக்கத்த ஏத்தப் போறாரு, கெட்டியாப் பிடிச்சுக்கங்க'ன்னு."

"அப்ப... எதுக்கு ஏத்தறேன்னும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எறக்கறே?" என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. இவ்வளவு நாளும் ஹெல்மெட்டுக்குள் முழுங்கியதெல்லாம் துண்டோடு நிற்கிற நேரம் பார்த்து வெளியே வந்தது. "என் பக்கத்துல உக்காரப் பிடிக்கலையா உனக்கு?"

அவள் மூடியைத் திருகி முடித்தாள். ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகினாள். எழுந்து நின்றாள்.

"ஏத்தினா வண்டி விறைப்பாயிடுது. விறைப்பாயிட்டா நீங்க மேடு பள்ளம் பாக்காம பறக்கறீங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கிளினிக். எறக்கினா வண்டியோட அடி ரோட்டுல தட்டுமோன்னு பயந்து ஊர்ந்து போறீங்க. உங்களுக்குப் பக்கம் வேணும். எனக்கு நேரம் வேணுங்க. நாள் பூரா எனக்குன்னு இருக்கறது அந்த வழி மட்டுந்தான்."

நான் உங்களிடம் மட்டும் சொன்ன வார்த்தை. அதையே அவள் சொல்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் நான் ஒரு முனையிலிருந்து காற்றை ஏற்ற, அவள் மறுமுனையிலிருந்து இறக்க, இரண்டு பேரும் ஒரே வழிக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"டேய்! குழாய் ஓடுதுடா!" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்.

"ரெண்டும் கெடைக்கற மாதிரி ஏதாவது பண்ண முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும்." அவளிடம் பதில் தயாராக இருந்தது. "பைய நீங்க முன்னாடி நெஞ்சுல மாட்டிக்கங்க. நான் ஒட்டி உக்காந்துக்கறேன். காத்து நான் சொல்ற அளவுதான். வேகம், முட்டைக் கூடைய வெச்சுட்டு ஓட்டற மாதிரி. பம்பு இன்னிக்கே மேல போயிடணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எதிராளி இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்தால் ஒரு பட்டதாரி கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. துண்டோடு மாடிக்கு ஓடிப் பம்பைத் திருப்பிக் கொடுத்தேன். சைக்கிள்காரர் வாங்கிக்கொண்டு, "எறங்கிடுச்சா தம்பி?" என்று விசாரித்தார்.

கிளம்பினோம். பை என் நெஞ்சில். அவள் என் முதுகில். பையின் இரண்டு பட்டைக்குள்ளும் தன் கைகளை நுழைத்து இறுக்கிக்கொண்டாள். இத்தனை நாள் எங்களைப் பிரித்த பை இப்போது எங்களைக் கட்டிப்போட்டிருந்தது. கம்பி அநாதையாகப் பின்னால் வந்தது. பள்ளம் வந்தால் வண்டி தொட்டிலாட்டம் ஆடி இறங்கி ஏறியது. அவளுடைய ஹெல்மெட் என் தோள்களுக்கு நடுவில் வந்து சாய்ந்தது. அந்தப் பாரம்! உலகத்தில் வேறு எதையும் நான் அப்படி ஆசையாகச் சுமந்ததில்லை.

நான் ஊர்ந்தேன். பால் வண்டி தாண்டிப் போயிற்று. ஒரு சைக்கிள் தாண்டிப் போயிற்று. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு தம்பதி, பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள்.

சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அலுவலகத்தில் மேலாளர் என் அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாராட்டியதைச் சொன்னேன்.

"ம்ம்" என்றாள்.

ஒருநாள் இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்காவது போக வேண்டும், எங்கே என்றுகூட யோசிக்காமல் போக வேண்டும் என்றேன்.

"ம்ம்..."

எனக்குத் தைரியம் வந்தது. தேடிக்கொண்டிருந்த அந்த நடுச்சத்தம் கிடைத்துவிட்டது. "ஒரே வீட்டுல இருந்துட்டு உன்னப் பாக்க முடியறதில்ல. நீ பஸ் ஏறிப் போன வாசன மட்டும் வீட்டுல இருக்கு. உனக்குன்னு ஏங்கியே எனக்குப் பொழுது போகுது. உனக்கும் அப்படித்தானா?"

பதிலுக்குக் காத்திருந்தேன்.

வந்தது. என் தோள்களுக்கு நடுவிலிருந்து, ஹெல்மெட்டுக்குள் எதிரொலித்து, ஒரே சீராக.

குறட்டை.

மெத்தென்ற சீட், ஆடுகிற வண்டி, சாய ஒரு முதுகு, விழாமலிருக்கப் பட்டை. நேரம் எதற்கு வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காதலுக்கு என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

கிளினிக் தெரு வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. வாசலைத் தாண்டி நேரே போய், அந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு. பிறகு வேறு வழியில்லாமல் நிறுத்தினேன்.

அவள் விழித்தாள். பட்டையிலிருந்து கைகளை உருவிக்கொண்டு இறங்கி, நன்றாகச் சோம்பல் முறித்தாள். இவ்வளவு தெளிவாக அந்த முகத்தை நான் பார்த்தே நாளாகியிருந்தது.

"என்னமோ பேசிட்டே வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல."

"நாளைக்குச் சொல்லுங்க. ஆனா சத்தமாச் சொல்லாதீங்க, முழிப்பு வந்துடுது." என் நெஞ்சிலிருந்த பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். என் முதுகை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள்.

"வண்டி இப்ப சரியா இருக்குங்க. இதுதான் இன்னும் கெட்டியா இருக்கு. காத்து எறக்கறதுக்கு இதுல எங்கயாவது வால்வு இருக்கா?"